தலைப்பாகையும் தோலும்: 1806 வேலூர்ப் புரட்சி நடந்த இடங்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் ஊர்களைத் தமிழகம் இன்று தோல் தொழிலின் பெயரால் அறிகிறது. ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோலைக் கடல் கடந்து அனுப்பும் வணிகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வளர்ந்து, பின்னர் ஷூ கம்பெனிகளாக விரிந்து, பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பாக நிலைத்துவிட்டது. அந்த வணிகம் வேர்விடுவதற்கு முன்பே, 1806 ஜூலை 10ஆம் நாள், தலைப்பாகையில் வைக்கச் சொன்ன ஒரு துண்டுத் தோலை முன்னிட்டு, இதே நிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார்கள். அந்த எழுச்சியின் முன்கதை ஆம்பூரிலும், நடு நிகழ்ச்சி வேலூர்க் கோட்டையிலும், அதை முறியடித்த படையின் புறப்பாடு ராணிப்பேட்டையை ஒட்டிய ஆற்காட்டுப் படைமுகாமிலும் அமைந்திருப்பதால், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காலையில் புறப்படும் ஒருவர் மாலைக்குள் இம்மூன்று ஊர்களையும் பார்த்துவிட முடியும்.

ஆம்பூரில் தொடங்குவதே முறை. 1749 ஆகஸ்ட் 3 அன்று நடந்த ஆம்பூர்ப் போரில், ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான், பிரெஞ்சுப் படையின் துணையோடு வந்த சந்தா சாகிபையும் முசாபர் ஜங்கையும் எதிர்த்துப் போரிட்டு மாண்டார். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறு படை பெரிய சேனையைச் சிதறடிக்கும் என்பதை நேரில் கண்ட கர்நாடகப் பகுதியில், அதன் பின் உள்ளூர் ஆட்களுக்கு மாதச் சம்பளமும் துப்பாக்கியும் கொடுத்து அணிவகுப்புப் பழக்கும் ஏற்பாடு வேகமாகப் பெருகியது; இவ்வாறு சேர்க்கப்பட்டவர்களே சிப்பாய்கள். 1767இல், முதல் மைசூர்ப் போரின்போது, ஹைதர் அலி ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டபோது, கேப்டன் கால்வெர்ட்டின் தலைமையில் அதைக் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தச் சென்னைச் சிப்பாய்களே. அவர்களுடைய பத்தாவது பட்டாளத்துக்கு ‘ஆம்பூர்’ என்னும் பெயரைப் போர்ச் சிறப்பாகக் கொடியில் பொறித்துக்கொள்ளும் உரிமை தரப்பட்டது. மைசூருக்கு எதிராகக் கம்பெனிக்காக உயிரைப் பணயம் வைத்த அதே சென்னைப் படையின் சிப்பாய்கள், முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூரில் மைசூரின் கொடியை ஏற்றினார்கள் என்பதே விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி.

பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்கள் கட்டிய வேலூர்க் கோட்டை, கருங்கல் மதிலும் அகலமான அகழியுமாக 133 ஏக்கரில் பரந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கம்பெனியின் வசமாயிற்று. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்ட பின், அவருடைய மக்களும் குடும்பத்துப் பெண்களும் இங்கே கொண்டுவரப்பட்டு, இன்றும் ஹைதர் மகால், திப்பு மகால் என வழங்கும் கட்டடங்களில் உபகாரச் சம்பளத்தோடு காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்களைச் சார்ந்து வந்த மைசூர்க்காரர்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடியேறினார்கள். தோற்ற அரசின் நினைவு, அதைத் தோற்கடித்த படையின் பாளையத்துக்குள்ளேயே குடிவைக்கப்பட்டிருந்தது.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் புதிய உடை விதிகளுக்கு ஒப்புதல் தந்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ தெரியக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை விதித்த அளவில் ஒதுக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தொப்பி போன்ற வடிவில் அமைந்து தோலாலான சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்பன அவற்றின் சாரம். தோல் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்ற ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரக் கலக்கியது. எனினும், சிப்பாய்கள் ஏற்கெனவே தோல் வாரும் தோட்டாப் பையும் அணிந்தவர்கள் என்பதைக் கருதினால், தோல் மட்டுமே அவர்களைக் கொதிக்கச் செய்தது என்று முடிவு கட்டிவிட இயலாது. தொப்பி என்பது அக்காலத்தில் வெள்ளையரின் அடையாளம், அதைத் தலையில் ஏற்றவன் தன் மதத்தையும் உறவையும் விட்டவன் என்று ஊரார் கருதினர். அதை அணிந்து ஊருக்குப் போனால் பெண் கொடுக்கவும் உடனிருந்து உண்ணவும் ஆள் இராது என்ற அச்சம் பாளையங்களில் பரவியது. நெற்றி, காது, முகம், தலை என உடம்பின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒருவன் யார் என்று சொல்லும் குறிகளைக் கேட்காமலேயே அழித்த ஆணை அது. குறைந்த சம்பளம், எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதார் என்னும் படிக்கு மேல் உயர முடியாத நிலை, இளம் வெள்ளை அதிகாரிகளின் ஏச்சு ஆகியவற்றால் உள்ளே கனன்றிருந்தவர்களுக்கு இந்த ஆணை இறுதிச் சுமையாயிற்று.

1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த நான்காம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தினர் புதிய தலைப்பாகையை மறுத்தார்கள். இருபத்தொரு பேர் சென்னைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டனர். ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலா 900 கசையடி நிறைவேற்றப்பட்டது. ஏனையோருக்கு 500 கசையடி விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்ட பின் நீக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பெய்க் என்னும் சிப்பாய் சதி நடப்பதாக அதிகாரியிடம் தெரிவித்தபோது, அவருடைய சொல் நம்பப்படாமல் அவரே காவலில் வைக்கப்பட்டார்.

ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் விடியுமுன் முதல் படைப்பிரிவின் முதல் பட்டாளத்தையும் இருபத்துமூன்றாம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தையும் சேர்ந்த சிப்பாய்கள் காவலர்களைச் சுட்டு வீழ்த்தி, 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டடிகளைச் சூழ்ந்தார்கள். கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். 14 அதிகாரிகளும் 69ஆம் படையின் 115 வீரர்களும் மாண்டதாகக் கணக்கு. கொடிமரத்தில் புலிவரிகள் கொண்ட மைசூர்க் கொடி ஏறியது. ஆனால் இளவரசர்களில் எவரும் முன்வந்து தலைமை ஏற்கவில்லை. வாயில்களைக் காப்பதை விட்டுப் பலர் கொள்ளையில் இறங்கினர். உயிர் தப்பிய வெள்ளை வீரர்கள் மதிலின் ஒரு பகுதியைப் பிடித்து நின்றார்கள். எழுச்சியின் தோல்வி இந்த மூன்று குறைகளிலும் அடங்கியிருந்தது.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் அனுப்பிய செய்தி ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆற்காட்டு முகாமை விடியற்காலையில் எட்டியது. அங்கே 19ஆம் குதிரைப்படையின் தலைவராக இருந்த கர்னல் கில்லஸ்பி உடனே புறப்பட்டு, தம் படைக்கு முந்தியே வேலூரை அடைந்து, கயிற்றின் உதவியால் மதில்மேல் ஏறி, எஞ்சியவர்களுக்குத் தலைமை ஏற்றார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்க்க, குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. முற்பகலிலேயே எல்லாம் முடிந்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்தி, விசாரணை ஏதுமின்றிச் சுட்டுக் கொன்றார்கள். மொத்தம் சுமார் 350 சிப்பாய்கள் அன்று இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பின்னர் நடந்த விசாரணைகளின் முடிவில் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடு கடத்தப்பட்டனர்.

இதைக் கலகம் என்பதா, புரட்சி என்பதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1801 ஜூனில், சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டச்செய்த அறிக்கை அந்நியரின் ஆட்சியை எதிர்த்து எல்லாச் சாதியினரையும் எழ அழைத்திருந்ததை நினைத்தால், வேலூர் தனித்து வெடித்த ஒன்றாகத் தோன்றாது. வேறொரு நாட்டின் படைவீட்டு எழுச்சியோடும் இதை ஒப்பிடலாம்: பிலிப்பைன்ஸ் நாட்டில் 1872 ஜனவரியில் கவிட்டே படைக்கலச் சாலையில் உள்ளூர்ச் சிப்பாய்கள் எழுந்தது, தங்களுக்கு இருந்த வரிவிலக்கும் கட்டாய உழைப்பிலிருந்து பெற்ற விலக்கும் பறிக்கப்பட்டதால்தான். அதுவும் இரண்டு நாட்களில் அடக்கப்பட்டது. ஆயினும் அதன் பெயரால் மூன்று பாதிரியார்கள் கொல்லப்பட்டதும், அந்த நினைவு 1896ஆம் ஆண்டுப் புரட்சிக்கு உரமானதும் அந்நாட்டு வரலாற்றின் மையச் செய்திகளாயின. அங்கே படைவீடு ஒன்றில் எழுந்த சிறு எதிர்ப்பு நாட்டின் பிறப்புக் கதையில் இடம்பெற்றது. வேலூருக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வேலூர் நகரில் மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. 2006இல், இருநூறாம் ஆண்டில், மைய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. கோட்டைக்கு அருகே உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் மாண்ட வெள்ளையர் உறங்குகிறார்கள். கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் திப்புவின் குடும்பத்தாருடைய சமாதிகளும், பாலாற்றங்கரையில், கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடமான முத்து மண்டபமும் உள்ளன.

உடை விதிகள் அந்த ஆண்டிலேயே கைவிடப்பட்டன. 1807இல் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். எழுந்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பென்டிங் 1828இல் தலைமை ஆளுநராக மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். வேலூர்க் கோட்டைக்கு வருவோர் ஜலகண்டேசுவரர் கோயிலையும் அகழியையும் கண்டு திரும்பிவிடாமல், மகால்களின் சுவரோரம் சற்று நின்று, அங்கே விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களைப் பற்றித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.