கடைசியிலிருந்து வாசிக்கப்பட்ட ரூஹி பானோ

2024 டிசம்பரில் தபலா மேதை ஜாகிர் உசேன் மறைந்தபோது அவரைப் பற்றி வந்த கட்டுரைகளைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தைப் பற்றிய பத்தி ஒன்றில், தந்தை அல்லா ரக்காவின் இன்னொரு திருமணத்தில் பிறந்த மகள் என்று ஒரு பெயர் வந்தது. ரூஹி பானோ, பாகிஸ்தான் நடிகை. ஒரே வரிதான். இருவரும் 1951இல் பிறந்தவர்கள். நாடு பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தகப்பன் கையிலிருந்த தாளம் மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் வளர்ந்த மகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் தன் கலையை வேறு இடத்தில் தேடிக்கொண்டார்.

அவரைப் பற்றி மேலும் வாசிக்கப் போனால், எல்லாக் கட்டுரைகளும் ஒரே இடத்திலிருந்தே தொடங்கின. மனநலம் பாதித்த நடிகை, மகனைப் பறிகொடுத்த தாய், கவனிப்பாரற்றுப் போனவர். நடிப்பு மூன்றாம் பத்திக்குப் பிறகுதான் வந்தது. வகுப்புக்காக நான் எழுதிய குறிப்பையும் அப்படித்தான் தொடங்கியிருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெண் கலைஞரின் வாழ்க்கையை முடிவிலிருந்து பின்னோக்கி வாசிக்கும் பழக்கம் நம் கைக்கும் வந்துவிடுகிறது.

முன்னிருந்து தொடங்கிப் பார்க்கிறேன். பாகிஸ்தான் தொலைக்காட்சியான பி.டி.வி. 1964 நவம்பர் 26 அன்று லாகூரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. பதிவு செய்யும் வசதி இல்லாததால் தொடக்ககால நாடகங்கள் நேரலையாகவே போயின. வசனம் மறந்தால் ஊரே பார்க்கும். பதிவு இல்லாததால் அன்று நடித்த பெண்களின் உழைப்பில் பெரும்பகுதிக்கு இன்று சாட்சியும் இல்லை. லாகூரில் பாட்டும் கூத்தும் பெண்ணின் பெயரோடு சேர்ந்தால் அதற்கு வேறொரு பொருள் உண்டு. சினிமாவுக்கும் அந்த நிழல் இருந்தது. தொலைக்காட்சியோ அரசாங்கக் கட்டடத்தில் நடந்தது. உருது இலக்கியவாதிகள் அதற்கு எழுதினார்கள். கல்லூரிப் பெண்கள் தயக்கத்தோடாவது உள்ளே வர முடிந்தது. நம் ஊரில் வானொலி நிலையம் படித்த பெண்களுக்குத் திறந்துவிட்ட கதவைப் போல இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ரூஹி பானோ. லாகூர் அரசுக் கல்லூரியில் முதுகலை உளவியல் படித்துக்கொண்டிருந்தபோது நடிக்க அழைத்தார்கள். 1973இல் வந்த ‘கிரண் கஹானி’ தொடர் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. எழுதியவர் ஹசீனா மொயின். கான்பூரில் பிறந்து கராச்சியில் வரலாறு படித்த ஆசிரியை. அழுது தீர்க்காத, எதிர்த்துப் பேசுகிற, சிரிக்கத் தெரிந்த பெண்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர். ஒரு பெண் எழுத, இன்னொரு பெண் நடிக்க, நாடே உட்கார்ந்து பார்த்தது. அஷ்ஃபாக் அகமது எழுதிய ‘ஏக் முஹப்பத் சௌ அஃப்சானே’ வரிசையிலும் ரூஹி நடித்தார். அங்கே அவருக்குக் கிடைத்தவை கனமான பாத்திரங்கள். உருது தெரிந்த தோழி ஒருத்தி பக்கத்திலிருந்து வசனத்தைச் சொல்லச் சொல்ல நான் சில பழைய பதிவுகளைப் பார்த்தேன். குரலை உயர்த்தாமலே ஒரு காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். உஸ்மா கிலானி, காலிதா ரியாசத், ரூஹி பானோ என்று அந்தத் தலைமுறையின் நாடக ரசிகர்கள் மூன்று பெயர்களையும் சேர்த்தே சொல்வார்கள். காலிதா 1996இல், நாற்பத்து மூன்றாம் வயதில் புற்றுநோயால் இறந்துபோனார்.

1977 ஜூலையில் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். 1979இல் ஹுதூத் சட்டங்கள் வந்தன. திரையில் தோன்றும் பெண்கள் தலையில் துப்பட்டா போட வேண்டும் என்றார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளர் மஹ்தாப் சன்னா மறுத்து வெளியேறினார். அதே அரசு 1981இல் ரூஹி பானோவுக்குக் கலைக்கான ‘பிரைட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ விருதைக் கொடுத்தது. அதில் எனக்கு வியப்பில்லை. பெண்ணின் தலையை மூடச் சொல்கிறவர்களுக்கு அவள் கழுத்தில் பதக்கம் மாட்டுவது ஒன்றும் சிரமமான காரியமல்ல.

பிறகு நோய். ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். மணவாழ்க்கையும் நிலைக்கவில்லை. லாகூரில் உள்ள ஃபவுண்டன் ஹவுஸில் அவர் பலமுறை தங்கிச் சிகிச்சை பெற்றார். நியூயார்க்கில் அதே பெயரில் இயங்கும் நிலையத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1970களில் உருவான மறுவாழ்வு இல்லம் அது. அந்த முறையில் அங்கே இருப்பவரை நோயாளி என்று அழைப்பதில்லை, உறுப்பினர் என்பார்கள். நாட்டின் சட்டமோ 2001 வரை, பிரிட்டிஷார் 1912இல் எழுதிய பைத்தியர் சட்டமாகவே இருந்தது. ஃபவுண்டன் ஹவுஸ் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் ‘உறுப்பினர்’ என்ற சொல்லும் உள்ளேயே தங்கிவிடும்.

இந்த இடத்தில் எனக்கு மண்ட்டோ நினைவுக்கு வருகிறார். அவரும் 1950களின் தொடக்கத்தில் குடியை விடுவதற்காக லாகூர் மனநல மருத்துவமனையில் இருந்தவர். ‘டோபா டேக் சிங்’ கதைக்குப் பின்னால் அந்த நாட்கள் இருப்பதாக மரியாதையோடு பேசுகிறோம். அவருடைய குடியும் கலக்கமும் எழுத்தின் விலையாகக் கணக்கு வைக்கப்படுகின்றன. ரூஹியின் நோய் எந்தக் கலையின் கணக்கிலும் வரவில்லை. கேமராக்கள் அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கலைந்த தலைமுடியைப் படம் பிடித்தன. ஆணின் மனச்சிதைவு மேதைமையாகிறது, பெண்ணின் மனச்சிதைவு பரிதாபச் செய்தியாகிறது. கூடவே இன்னொரு பேச்சும் வரும்: “நடிக்கப் போனாள், அதனால்தான்.” நம் ஊர் நடிகைகளைப் பற்றியும் இதைக் கேட்டிருக்கிறேன்.

2005இல் அவருடைய மகன் லாகூரில் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே நோய் இருந்தது. ஆனால் எழுதுகிறவர்கள் பலர் அந்தக் கொலையையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கிவிடுகிறார்கள். தாய்மையின் துயரம் என்றால் வாசகர் மன்னித்துவிடுவார் என்ற நினைப்பு போலும். முப்பது வருட நோய்க்கு அப்படியொரு நியாயம் எதற்கு? சர்க்கரை நோய்க்கு யாரும் கதை கேட்பதில்லை.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அவங்க உளவியல் படிச்சவங்கதானே? தனக்கு என்ன நடக்குதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும் இல்ல?” என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை யாராவது அவரிடமே, உடம்பும் மனமும் ஓரளவு நன்றாக இருந்த ஒரு நாளில், படித்த பெண்ணிடம் கேட்பதுபோலக் கேட்டிருக்கலாம்.

2019 ஜனவரி 25 அன்று இஸ்தான்புல் மருத்துவமனை ஒன்றில் ரூஹி பானோ இறந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்து, சில நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தார். வயது அறுபத்தேழு. அந்த வாரம் பலர் அவருடைய பழைய காட்சிகளைத் தேடி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். என் வகுப்புக் குறிப்பை நான் இப்போது ‘கிரண் கஹானி’யிலிருந்து தொடங்குகிறேன். ஃபவுண்டன் ஹவுஸ் நான்காம் பக்கத்தில்தான் வருகிறது.