தம்பிக்கு அரியணை, சந்தைக்குத் தாலர்

சென்ற வாரம் டில்சிட் உடன்படிக்கையோடு நிறுத்தியிருந்தோம். 1807இல் அந்த உடன்படிக்கையில் பிரஷ்யாவிடமிருந்து பறித்த நிலத்தோடு ஹெஸ்ஸே-காஸல், பிரவுன்ஷ்வைக், ஹனோவரின் ஒரு பகுதி ஆகியவற்றை ஒட்டுப்போட்டு நெப்போலியன் ஒரு புதிய நாட்டை உண்டாக்கினார். பெயர் வெஸ்ட்ஃபாலியா. தலைநகரம் காஸல். அரசர், அவருடைய கடைசித் தம்பி ஜெரோம். நாட்டின் அரசியலமைப்பு 1807 நவம்பர் 15ஆம் தேதியிட்டு வந்தது. அன்றுதான் ஜெரோமுக்கு 23 வயது நிறைந்தது.

பண்ணையடிமை முறையை ஒழித்த அந்த அரசியலமைப்பு, பிரான்சின் நாணயமும் எடையும் அளவுமே இனி நாடு முழுக்கச் செல்லும் என்றும் ஆணையிட்டது. 5 கிராம் எடை, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு ஃபிராங்குக்கு 100 சென்டீம் என்று பாரிஸில் 1803இல் வகுத்த கணக்கு அது. கணக்கு எளிதுதான். ஆனால் காஸல் சந்தையில் உப்பு வாங்கியவருக்கும் பிரவுன்ஷ்வைக்கில் குத்தகை கட்டியவருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியது தாலர். ஒரு தாலருக்கு 24 குரோஷன். பிரவுன்ஷ்வைக் பக்கம் 36 மரியன்குரோஷன். அரை, கால், மூன்றிலொன்று எப்படிப் பிரித்தாலும் மீதி நிற்காத கணக்கு. பழைய கடன் பத்திரமும் கூலியும் தாலரில் இருக்க, ஃபிராங்கில் மாற்றினால் ஒவ்வொரு முறையும் சில்லறை இடித்தது.

அரசாணைக்கும் சந்தைக்கும் நடந்த இந்த இழுபறியில் வென்றது யார் என்பதை அந்த நாட்டின் சின்னக் காசுகளே சொல்லிவிடுகின்றன. ஜெரோமின் பெயரிலேயே இரண்டு வரிசை நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஒன்று ஃபிராங்க், சென்டீம் வரிசை. மற்றொன்று 1/24, 1/12, 1/6 என்று போகும் தாலர் வரிசை. அரை ஃபிராங்க், ஒரு ஃபிராங்க் வெள்ளிக் காசுகள் 1808இல் வந்தன. இன்று அவை அரிதானவை, விலையும் அதிகம். தாலர் வரிசையோ அரசு கவிழ்ந்த 1813 வரை தொடர்ந்தது.

சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரிய நாணயத்தைத் தேடி ஓடுகிறார்கள். அரசர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதுதான் அதில் தெரியும். அவருடைய குடிகள் எதை நம்பிக் கைமாற்றிக் கொண்டார்கள் என்று அறிய, 1/24 தாலரைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். முன்புறம் கிரீடம், அதன் கீழே ஜெரோமின் ஜெர்மானியப் பெயரான ஹிரோனிமுஸ் நெப்போலியனின் முதலெழுத்துகள் இரண்டும் பின்னிக் கிடக்கும். பின்புறம், இதுபோல் 24 சேர்ந்தால் ஒரு தாலர் என்ற குறிப்பு. வெள்ளியைவிடச் செம்பு கூடுதலாகக் கலந்த காசு இது. எழுத்துகளின் மேடான கோடுகள் கைபட்டுத் தேய்ந்த இடத்தில் செம்பின் சிவப்பு எட்டிப் பார்க்கும். லென்ஸ் வைத்து அந்தச் சிவப்பைத் தேடுங்கள். எத்தனை கை மாறிய காசு என்பதற்கு அதுவே சாட்சி. இதைப் பவுடர் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மேலே மெல்லியதாக இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நாணயச்சாலை எழுத்தையும் பார்க்க வேண்டும். 'பி' என்றால் பிரவுன்ஷ்வைக். 'சி' காஸலையும் குறிக்கும், ஹார்ட்ஸ் மலையின் வெள்ளிச் சுரங்க ஊரான கிளௌஸ்டாலையும் குறிக்கும். கிளௌஸ்டாலின் 2/3 தாலர் கிட்டத்தட்ட கலப்பில்லாத வெள்ளி. ஆகவே எழுத்தை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யாமல், மதிப்பையும் வெள்ளியின் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய நாணயங்களில் ஜெரோம் 'வெஸ்ட்ஃபாலியாவின் அரசர், பிரெஞ்சு இளவரசர்' என்று பொறித்துக்கொண்டார். சொந்த நாட்டு நாணயத்திலும் அண்ணனின் நிழலை விட்டு அவரால் விலக முடியவில்லை. அரச நிலங்களில் பாதியை நெப்போலியன் தன் தளபதிகளுக்கென்று ஒதுக்கிக்கொண்டதால் கஜானாவும் எப்போதும் வறண்டே கிடந்தது.

தாலரின் செல்வாக்குக்கு இன்னொரு சான்று அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. ஜெரோமின் நூலகர் யாக்கோப் கிரிம். தம்பி வில்ஹெல்மோடு சேர்ந்து அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளின் முதல் பகுதி 1812இல் வெளியானது. கையிலிருந்ததையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் ஏழைச் சிறுமியின் கதை அதில் உண்டு. அவளுக்காக வானத்து நட்சத்திரங்கள் காசாக உதிர்கின்றன. ஃபிராங்க் சட்டம் வந்து ஐந்தாண்டு ஆன பிறகும் அந்தக் கதையில் உதிர்ந்தவை தாலர்கள்தான்.

1813 அக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்றதும் ஜெரோம் காஸலைவிட்டு வெளியேறினார். பழைய ஆட்சியாளர்கள் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வாரம் மிலான். அங்கே நெப்போலியனே அரசர். அவர் தலை பொறித்த 5 சோல்டி வெள்ளிக் காசின் எடை 1.25 கிராம்.