புல்வெளியை நாடிய இரு குடும்பங்கள்

கெட்டும் பட்டணம் சேர் என்பது நம் மூத்தோர் வாக்கு. கெடாமல் வாழ்ந்திருந்த இரண்டு குடும்பங்கள், பட்டணங்களையெல்லாம் கடந்து, வீடும் வீதியும் இல்லாத பெரும் புல்வெளியைத் தேடிச் சென்ற வரலாறொன்று உண்டு. மொறிஸ் பேர்க்பெக், ஜோர்ஜ் பிளவர் என்னும் ஆங்கிலேயர் இருவரின் குடும்பங்களே அவை. வட அமெரிக்காவில் இலினோய் மாநிலத்து எட்வேட்ஸ் மாவட்டமே அவர்கள் சென்றடைந்த இடம். எதற்காகச் சென்றனர், எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்பதை இங்கு சிறிது ஆராய்வோம்.

பேர்க்பெக் (1764–1825) இங்கிலாந்தின் சறே மாவட்டத்தில், வன்பறோ என்னும் இடத்தில், 1,500 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கமம் செய்தவர். நெப்போலியனோடு நடந்த யுத்தம் 1815இல் முடிந்தபின், விளைபொருள் விலை வீழ்ந்தது, வரிச்சுமையோ குறையவில்லை. அரச திருச்சபையைச் சேராதவராயிருந்தும் அதற்குத் தசமபாகம் செலுத்த வேண்டியவரானார். இத்தனையும் கொடுத்த அவருக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. ஏனெனில் அவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர், குத்தகைக்காரரே. வரி கொடுக்கும் கடமையுண்டு, வரி விதிப்போரைத் தெரியும் உரிமையில்லை என்னும் இந்நிலை அவர் உள்ளத்தை உறுத்தியது.

அவருடைய நண்பர் ஜோர்ஜ் பிளவர் (1788–1862), செல்வந்தரான றிச்சட் பிளவரின் மூத்த மகன். 1814இல் நண்பர் இருவரும் பிரான்சு தேசத்தைச் சுற்றிப் பார்த்தனர். 1816இல் பிளவர் அமெரிக்கா சென்று, முன்னாட் குடியரசுத் தலைவர் தோமஸ் ஜெபர்சனின் விருந்தினராகவும் தங்கினார். மறுவருடம் பேர்க்பெக் தம் மக்களுடன் வேர்ஜீனியாவில் வந்திறங்க, இரு நண்பரும் அங்கே ஒன்று கூடினர். மனிதரை மனிதர் விலை கூறும் அடிமைச் சந்தையைக் கண்டபின் வேர்ஜீனியாவில் குடியிருக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. மேற்கு நோக்கிக் குதிரையேறினர்.

அக்காலத்து அமெரிக்கக் குடியேறிகள் காட்டோரத்தையே விரும்பினர். மரமில்லாத இடத்தில் வீட்டுக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் வழியேது என்பது அவர்கள் கேள்வி. புல்வேர் பின்னிய நிலத்தைக் கிழிக்கப் பல ஏர்மாடுகள் வேண்டும். வேனில் முடிவில் புற்றீயும் பரவும். ஆங்கிலக் கமக்காரரின் கணக்கோ வேறு. காட்டை வெட்டி வெளியாக்க ஒருவன் ஆயுளே போதாது. இயற்கையே வெளியாக்கி வைத்த நிலம் இருக்க, கோடரியோடு ஏன் மல்லாட வேண்டும் என எண்ணினர். அரசினர் நிலம் ஏக்கர் 2 டொலராக விற்கப்பட்டது. இங்கிலாந்தில் குத்தகைக்காரராயிருந்தவர் இலினோயில் நிலவுடைமையாளரானார். அந்நிலம் பியாங்கஷா என்னும் பழங்குடி மக்களுக்கு உரியதாயிருந்து, 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர் கைவிட்டுப் போனது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வளவில் இரு குடும்பங்களுக்கும் இடையே பகை முளைத்தது. பேர்க்பெக் குடும்பத்தோடு வந்த எலைசா அன்றூஸ் என்னும் நங்கையை மனைவியை இழந்திருந்த பேர்க்பெக் மணக்க விரும்பினார். அவளோ ஜோர்ஜ் பிளவரை மணந்தாள். பிளவர் இங்கிலாந்து சென்று, தந்தை குடும்பத்தையும் வேறு பலரையும் அழைத்துக்கொண்டு 1818இல் திரும்பியபோது, நண்பர் இருவரும் முகங்கொடுத்துப் பேசாதவராயினர். ஒரே குடியேற்றத்தில் இரண்டு மைல் இடைவெளியில் இரண்டு ஊர்கள் எழுந்தன. பேர்க்பெக்கின் ஊர் வன்பறோ. பிளவர் பக்கத்தார் ஊர் அல்பியன்.

வந்தவர் பட்ட இன்னல் கொஞ்சமன்று. ஓகையோ ஆற்றங்கரையில் இறங்கியோர் ஏறக்குறைய 50 மைல் தூரம் உள்நாடு செல்ல வேண்டியிருந்தது. மரக்கட்டைக் குடில்களே வீடுகள். குளிர்காய்ச்சல் வாட்டியது, நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. முதல் விளைவு கைக்கு வருமுன் அயலிலிருந்த ஹாமனி என்னும் ஊரில் தானியம் வாங்கி உண்டனர். பேர்க்பெக் எழுதிய நூல்களை நம்பி வந்தோர் ஏமாந்தனர் என்று வில்லியம் கொபெற் என்னும் பத்திரிகையாளர் கடுமையாகச் சாடினார். ஆயினும் குடியேற்றம் நிலைத்தது.

அக்குடியேற்றத்துக்கு உண்மையான சோதனை பின்னரே வந்தது. 1818 டிசம்பரில் இலினோய் தனி மாநிலமானபோது, புதிதாக அடிமைகளைக் கொண்டுவருதல் அரசியற் சட்டத்தால் தடுக்கப்பட்டது. இத்தடையை நீக்க விரும்பியோர் சட்டத்தைத் திருத்த ஒரு மாநாடு கூட்ட முயன்றனர். தம் சொந்த அடிமைகளை விடுவித்தவரான ஆளுநர் எட்வேட் கோல்ஸ் அம்முயற்சியை எதிர்த்து நின்றார். பேர்க்பெக், யோனதன் பிறீமன் என்னும் புனைபெயரில் பத்திரிகைக் கடிதங்கள் எழுதினார். ஜோர்ஜ் பிளவரும் அதே பக்கம் நின்றார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பிடித்து விற்கும் கள்வர் நடமாடிய காலம் அது. தம் கமத்தில் வாழ்ந்த அத்தகையோர் ஹெயிட்டித் தீவு சென்று சேர 1823இல் அவர் வழிசெய்தார். தம்முள் பேசாதிருந்த இருவரையும் பகை பிரித்ததேயன்றி, கொள்கை பிரிக்கவில்லை.

1824 ஓகஸ்ற் 2ஆம் நாள் மக்கள் வாக்களித்தனர். மாநாடு வேண்டும் என்றோர் 4,972 பேர். வேண்டாம் என்றோர் 6,640 பேர். வெள்ளை ஆடவருக்கு மட்டுமே உரிய வாக்கு அது. எனினும் மாநிலத்தில் ஆறு மாதம் வசித்த அந்நியரும் அதனை அளிக்கலாம். பிறந்த நாட்டில் வாக்கில்லாதிருந்த ஆங்கிலக் குத்தகைக்காரர், வந்த நாட்டில் தாம் பெற்ற வாக்கைப் பிறர் விலங்கைத் தடுக்கப் பயன்படுத்தினர். லிங்கன் குடும்பம் 1830இல் இலினோயிற் குடிபுகுந்தபோது, அம்மாநிலம் அடிமை மாநிலமாக மாறாதிருந்தமைக்கு இவ்வெற்றியே காரணம்.

கோல்ஸ் பேர்க்பெக்கை மாநிலச் செயலாளராக நியமித்தார். எதிர்க்கட்சியினர் நிறைந்த மேற்சபை அதை ஏற்க மறுத்தது. 1825 யூன் மாதம், றொபேட் ஓவனின் நியூ ஹாமனியிலிருந்து திரும்பும் வழியில், ஆற்றைக் கடக்கையில் அவர் மூழ்கி இறந்தார். அவர் அமைத்த ஊரும் காலப்போக்கில் மறைந்தது. அல்பியன் மாவட்டத் தலைநகராக நிலைத்தது. ஜோர்ஜ் பிளவரோ பெருஞ்செல்வம் அனைத்தையும் இழந்தார். 1862இல் அவரும் எலைசாவும் ஒரே நாளில் உயிர் நீத்தனர். அவர் எழுதிவைத்த குடியேற்ற வரலாறு 1882இல் அச்சேறியது. சிறுவனாகப் புல்வெளிக்கு வந்த அவர் தம்பி எட்வேட், 1824இல் இங்கிலாந்து திரும்பி, ஸ்ற்றாட்போட் நகரில் மதுவடிசாலை அமைத்தார். எட்வேட்டின் மகன் சாள்ஸ் முன்னின்று முயன்றதால் 1879இல் அந்நகரில் சேக்ஸ்பியர் நினைவு அரங்கு எழுந்தது.

குடும்ப வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் காணியையும் பொருளையும் எண்ணுவர். அக்கணக்கில் ஜோர்ஜ் பிளவர் தோற்றவரே. தாம் பெற்ற உரிமை தம்மோடு நின்றுவிடலாகாது என்று அவரும் பேர்க்பெக்கும் கருதினர். அக்கருத்துக்கு 1824ஆம் ஆண்டின் வாக்கெண்ணிக்கை சான்றாக நிற்கின்றது. தம் முன்னோர் வரலாற்றை எழுதப் புகும் இளைஞர், சொத்துப் பட்டியலோடு இத்தகைய கணக்கையும் தேடிப் பார்ப்பாராக.