நந்தி விலகிய வழி

சவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், காடும் காட்டாறும் சூழ விளங்குவது அமிர்தி. இம்மலைச் சாரலில் நின்று சிவபெருமானை நினைப்பவர்க்குக் கண்ணப்ப நாயனாரின் நினைவு எழாமல் இராது. வேடர் குலத்தில் தோன்றிய அவர் காளத்தி மலையில் இறைவனுக்குப் படைத்த ஊனமுதைக் கண்டு சிவகோசரியார் மனம் பதைத்தார். பெருமானோ அதனை அன்பின் வடிவாகவே ஏற்று, ஆறே நாளில் அவ்வேடரைத் தம் வலப்பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மனிதர் ஆகாதவர் என்று ஒதுக்கியவரை, இறைவன் நம்மவர் என்று அருகழைத்தான். பெரியபுராணத்தில் இத்தகைய வரலாறு இஃதொன்றே அன்று. புராணம் காட்டிய நெறியையும், நம் ஊர்கள் நடந்த நெறியையும் ஒருங்கே வைத்துச் சிறிது சிந்திப்போம்.

சோழ நாட்டு ஆதனூரில், ஊருக்குப் புறத்தே இருந்த புலைச்சேரியில் பிறந்தவர் திருநாளைப்போவார் எனும் நந்தனார். சிவாலயங்களின் பேரிகைக்கும் முழவுக்கும் போர்க்கும் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர் அவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இதனை விரித்துரைக்கின்றார். இங்கே ஒன்று கருதத்தக்கது. கோயிலுள் ஒலித்த முழவும் யாழும் அவர் கை தந்த தோலாலும் நரம்பாலும் ஒலித்தன. தோல் உள்ளே சென்றது. தந்தவர் வெளியே நின்றார்.

திருப்புன்கூரில் அவர் வாயிற்புறம் நின்று சிவலோகநாதரைக் காண விழைந்தபோது, இடையே நந்தி மறைத்தது. பெருமான் அந்நந்தியைச் சற்றே விலகச் செய்து காட்சி தந்தருளினார். இன்றும் அத்தலத்தில் நந்தி விலகியிருப்பதைக் காணலாம். இறைவன் விலக்கியது நந்தியை. மனிதர் விலக்கியது நந்தனாரை.

பின்னர் அவர் தில்லைக்குச் சென்றார். எல்லையிலேயே நின்று, உட்புகத் தயங்கி, பல நாள் வலம்வந்தார். இறுதியில் வேள்வித் தீயில் புகுந்து எழுந்து, முனிவர் வடிவம் பெற்ற பின்னரே அம்பலத்துள் சென்று கூத்தனோடு கலந்தார் என்று புராணம் கூறும். இப்பகுதியைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சு சுட வேண்டும். தீயால் நீங்க வேண்டிய மாசு அவரிடத்தில் இருந்ததா? அவரைப் புறத்தே நிறுத்திய ஊரின் கண்களில் இருந்ததா?

இவ்வினாவிற்கு விடையும் பெரியபுராணத்திலேயே உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். மதுரைத் திருக்கோயிலின் வாயிலில் நின்றே யாழ் மீட்டி வழிபட்டார். இறைவன் அடியார்களின் கனவில் தோன்றி, அவரை உள்ளே அழைத்துவரப் பணித்தான். தரையின் ஈரத்தால் யாழின் கட்டழியும் என்று, அவர் அமரப் பொற்பலகையும் இடச் செய்தான். ஞானசம்பந்தப் பெருமானோடு அப்பாணர் சாத்தமங்கைக்கு எழுந்தருளியபோது, அந்தணராகிய திருநீலநக்கர் இல்லத்தில் அவர்க்கு இரவு தங்க இடம் வேண்டினார் சம்பந்தர். நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்விக் குண்டத்தின் அருகிலேயே இடமளித்தார். அப்போது வேள்வித் தீ வலஞ்சுழித்து ஓங்கி எழுந்தது. ஒரு தீயினுள் நந்தனார் மூழ்க நேர்ந்தது. மற்றொரு தீயோ பாணரை வரவேற்று எழுந்தது. ஒரு வீட்டுக்காரர் மனம் திறந்தமையால் விளைந்த வேறுபாடு இது.

இவ்வளவும் கேட்டறிந்த சமுதாயம் எவ்வாறு நடந்தது? சிவாலயத் திருச்சுற்றில் அறுபத்து மூவர் திருமேனிகளை வரிசையாக நிறுவினோம். அவ்வரிசையில் நந்தனாரும் உள்ளார், பாணரும் உள்ளார். அவர்களுக்குத் திருமஞ்சனம் செய்தோம், மாலை சூட்டினோம். ஆனால் நந்தனார் பிறந்த குலத்தில் பிறந்தவரைக் கோபுர வாயிலுக்கும் அப்பால் நிறுத்தினோம். கல்லில் நின்றவரை வணங்கி, உயிரோடு வந்தவரை விரட்டினோம்.

1897ஆம் ஆண்டு கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார் குலத்தவர் சிலர் புகுந்து வழிபட்டனர். அதன்மேல் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இறைவனைக் காணும் உரிமையைக் கடல்கடந்த நீதிமன்றத்தில் கேட்டும் பெறாத காலம் அது.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்டார். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரையில் அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் சென்றார். அவர்களுள் ஒருவர் பின்னாளில் தமிழக அமைச்சராக விளங்கிய பி. கக்கன். அன்று எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் இராசாசியின் அமைச்சரவை அவ்வாண்டே சட்டம் செய்து அதற்குக் காப்பளித்தது. 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பாணரை உள்ளே அழைக்கக் கனவில் ஆணை பிறந்த அதே மதுரையில், அவ்வாணை மீண்டும் நிறைவேறச் சட்டமும் தேவையாயிற்று.

சட்டம் வாயிலைத் திறந்தது. மனம் திறந்ததா?

அமிர்தியிலிருந்து பார்க்கும் இதே மலைத்தொடரின் மேற்கே, பாலாற்றங்கரையில் உள்ளது வாணியம்பாடி. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதன் அருகே நாராயணபுரத்தில், இறந்துபோன தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்லும் வழி, வேலியிட்ட நிலங்களால் அடைபட்டிருந்தது. உறவினர் அவ்வுடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றினுள் இறக்கினர். சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இம்மலைக்குத் தெற்கே, தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முதலாகச் சென்று பொங்கலிட்டு வழிபட்டது 2023ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள். அன்றும் மாவட்ட ஆட்சியரும் காவலரும் உடனிருக்க வேண்டியிருந்தது. தாயைக் காணப் பிள்ளைகள் காவலோடு சென்றனர்.

ஒதுக்கிவைத்தல் என்பது கோயில் வாயிலோடு நிற்பதுமன்று. ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரால் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தால், அவ்வீட்டாரோடு பேசுவாரில்லை. கடையில் அவர்க்குச் சரக்கில்லை. நீரெடுக்கும் இடத்தில் இடமில்லை. நல்லது கெட்டதற்கு வந்து நிற்பாரில்லை. அடியும் இல்லை, இரத்தமும் இல்லை. ஆயினும் ஊர் நடுவே இருந்துகொண்டே அக்குடும்பம் காட்டில் இருப்பதுபோல் ஆகின்றது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் இவ்வாறு புறக்கணிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரிய குற்றமாகும்.

அடியார் பெருமக்களே! தண்டனைக்கு அஞ்சி வழிவிடுவது குடிமகனின் கடமை. அன்பினால் வழிவிடுவதே அடியாரின் நெறி. திருவிழாக் காலத்தில் அறுபத்து மூவர் உலா வரும்போது நந்தனார் நம் தெருவிலும் எழுந்தருளுகின்றார். அவரைத் தோளில் சுமக்கும் நாம், அவர் உறவினர் தெருவுக்கும் உற்சவம் செல்கின்றதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அன்னதானப் பந்தியில் யார் யாருக்கு அருகே அமர்கின்றனர் என்று நோக்க வேண்டும். தேர் வடத்தில் எல்லார் கையும் உண்டா என்று எண்ண வேண்டும். நம் வீட்டின் நடுவிடம் யாருக்கெல்லாம் திறந்திருக்கின்றது என்பதை, நீலநக்கரை நினைந்து, நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்லால் ஆன நந்தி ஓர் அடியவருக்காக விலகிற்று. உயிரும் உணர்வும் உடைய நாம் விலகி வழிவிடாது நிற்பது முறையாகுமா? மறைத்து நிற்கும் இடத்தினின்றும் நாம் விலகுவோம். அப்போதுதான் நமக்கும் அவன் காட்சி கிட்டும்.

திருச்சிற்றம்பலம்.