மல்லாட்டை, மாசமா இருந்த தங்கச்சி, கொஞ்சம் வரலாறு

எங்க ஊர்ப்பக்கம் நிலக்கடலைன்னு சொன்னா வெளியூர்க்காரன்னு கண்டுபுடிச்சிடுவாங்க. இங்க அது மல்லாட்டை. மணிலாக்கொட்டைங்கிற பேரு வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு இப்படி ஆயிடுச்சு. எங்க ஊருன்னா கோட்டக்குப்பம். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையத் தாண்டினா வர்ற ஊரு. இப்படியே வடக்க போனா மரக்காணம் உப்பளம். மேற்க வானூர், திண்டிவனம் பக்கம் திரும்பினா செம்மண்ணும் மல்லாட்டையும்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

2004-ல தங்கச்சி லண்டன்ல மாசமா இருந்தா. தலைப்பிரசவம். அந்தப் பக்கம் போற ஒருத்தர்கிட்ட அம்மா வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை ஒரு டப்பா குடுத்து விட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணினா அவ தயங்கித் தயங்கி, "அம்மா, அத சாப்பிடக்கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்கம்மா, தூக்கிப் போட்டுட்டேன்"ங்கிறா. மாப்பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டு. அந்த மாதிரி குடும்பத்துல மாசமா இருக்கிறவங்க கடலையத் தவிர்க்கலாம்னு அங்க ஒரு அரசாங்க அறிவுரை இருந்துச்சு. அம்மா ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. "நான் உங்க மூணு பேரயும் மல்லாட்டை ஆஞ்சிகிட்டேதான் பெத்தேன்"னு புலம்பல் வேற.

இதுல வேடிக்கை என்னன்னா, மல்லாட்டை நம்ம பண்டமே கிடையாது. தென் அமெரிக்காவுல பொறந்தது. கப்பல் ஏறி இங்க வந்து, 19-ம் நூற்றாண்டுல தென்னாற்காடு மாவட்டம் முழுக்கப் பரவுச்சு. காரணம் பிரெஞ்சுக்காரன். மார்செய் துறைமுகத்துல எண்ணெய்க்கும் சோப்புக்கும் கொட்டை தேவைப்பட்டுச்சு. 1879-ல விழுப்புரத்துலேர்ந்து பாண்டிச்சேரிக்கு ரயில் வந்தப்புறம் மூட்டை மூட்டையா பாண்டிக்குப் போயி கப்பல் ஏறுச்சு. அப்புறம் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்துல புது ரகங்கள் வந்துச்சு. விவசாயிங்க டி.எம்.வி.ன்னு சொல்றாங்களே, அது திண்டிவனத்தோட சுருக்கம்தான். அப்படி ஊரையே வாழவெச்ச பண்டத்த ஒரு பொண்ணு பயந்து குப்பையில போட்டா அம்மாவுக்கு வலிக்காதா?

சரி, அந்த அறிவுரை எங்கேர்ந்து வந்துச்சு?

அலர்ஜிங்கிற வார்த்தையே 1906-ல வியன்னா குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினதுதான். நம்மளக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆளு தெரியாம, ஒண்ணும் பண்ணாத பொருளை எதிரின்னு நினைச்சு அடிக்கிறதுதான் விஷயம். ஆனா ஒரு பொருளோட முன்னாடியே பரிச்சயம் இருந்தாதான் உடம்பு அத எதிரியா நினைக்கும். பிரிட்டன் டாக்டர்களைக் குழப்பினது இதுதான். குழந்தை வாழ்க்கையில முதல் தடவையா கடலை தின்னுது, அப்பவே வாய் வீங்குது. அப்ப முதல் பரிச்சயம் எங்க நடந்துச்சு? வயித்துலயா, தாய்ப்பால்லயா? அந்த சந்தேகத்துலதான் 1998-ல அந்த அறிவுரை வந்துச்சு. அலர்ஜி உள்ள குடும்பமா இருந்தா குழந்தைக்கு 3 வயசு வரைக்கும் கடலை வேணாம்னும் சொன்னாங்க. 2000-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 3 வயசுக் கணக்கையே சொல்லுச்சு.

தங்கச்சி எல்லாத்தையும் அட்சரம் பிசகாம செஞ்சா. பையன் பொறந்தான். மூணாம் மாசமே கன்னமெல்லாம் கரப்பான். ரெண்டு வயசுல ஒரு பொறந்தநாள் விழாவுல யாரோ குடுத்த கேக்குல கடலை. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ் வந்துதான் பொழச்சான். அன்னிக்கு ராத்திரி போன்ல அவ அழுதுகிட்டே கேட்டது: "மாசமா இருந்தப்ப தெரியாம ஏதாவது தின்னுட்டேனாண்ணா?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியாம ஏற்கெனவே வந்துகிட்டு இருந்துச்சு. பிரிட்டன்ல ஏவன் பகுதியில கிட்டத்தட்ட 14 ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து பாத்து, கிடியன் லாக் குழுவினர் 2003-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. தாய் கர்ப்பத்துல தின்னதுக்கும் பிள்ளையோட கடலை அலர்ஜிக்கும் தொடர்பு எதுவும் தெரியல. மாட்டினது தோல். கரப்பான் வந்து வெடிச்ச தோல்ல கடலை எண்ணெய் கலந்த கிரீம் தடவின குழந்தைகளுக்கு அதிகமா இருந்துச்சு. தோல் வழியா நுழையற கடலைய உடம்பு திருடன்னு நினைக்குது, வாய் வழியா வந்தா விருந்தாளின்னு நினைக்குது. சுருக்கமா சொன்னா அவ்வளவுதான்.

2008-ல அதே ஆளு இன்னொண்ணு பாத்தாரு. இஸ்ரேல்ல குழந்தைங்க பல்லு மொளைக்கும் முன்னாடியே பம்பான்னு ஒரு கடலைத் தீனி தின்னும். பிரிட்டன்ல இருக்கிற யூதக் குழந்தைகளோட ஒப்பிட்டா அங்க கடலை அலர்ஜி பத்துல ஒரு பங்குதான். அதே வருஷம் அமெரிக்காவும், 2009-ல பிரிட்டனும் பழைய அறிவுரைய வாபஸ் வாங்கினாங்க.

இறுதித் தீர்ப்பு 2015-ல. கரப்பானோ முட்டை அலர்ஜியோ கடுமையா இருந்த 640 குழந்தைங்க, 4 மாசத்துலேர்ந்து 11 மாசத்துக்குள்ள. பாதிப் பேருக்குக் கடலை உணவு குடுத்தாங்க, மீதிப் பேருக்குக் கண்ணுலயே காட்டல. 5 வயசுல பாத்தா தவிர்த்தவங்கள்ல 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, தின்னவங்கள்ல 3.2 சதவீதம். அந்தப் பிள்ளைங்க பதின்வயசுக்கு வந்தப்புறமும் பாதுகாப்பு நிக்குதுன்னு 2024-ல சொன்னாங்க.

பாத்துகிட்டீங்களா? நல்லெண்ணத்தோட, அரைகுறை ஆதாரத்தோட சொன்ன ஒரு வார்த்தை பத்து வருஷம் ஓடியிருக்கு. யாரும் கெட்டவங்க இல்ல. தப்புன்னு தெரிஞ்சதும் மாத்திக்கிட்டாங்க, அது பெரிய விஷயம். ஆனா நடுவுல மாட்டின தாய்மாருங்க? அவங்ககிட்ட தனியா வந்து "நீ தின்னதாலயும் இல்ல, தின்னாததாலயும் இல்லம்மா"ன்னு யாரு சொன்னாங்க? என் மருமகன் விஷயத்துல எதனால வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பிள்ளைங்களுக்குப் போட்ட கணக்கு ஒரு பிள்ளைக்கு ஜாதகம் ஆகாது. 2015 ஆராய்ச்சி வந்தப்ப அவளுக்கு போன் போட்டு இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அந்த உருண்டைய நான் தூக்கிப் போட்டிருக்க வேணாம்ணா"ன்னா.

பையன் இப்ப மீசை வெச்ச ஆளு. பாக்கெட்ல எப்பவும் அட்ரினலின் ஊசி. போன தடவ ஊருக்கு வந்தப்ப அம்மா வீட்டுல இருந்த மல்லாட்டை மூட்டைய பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, சட்டினி அரைச்ச மிக்ஸி ஜாரக்கூட மாத்தி வெச்சாங்க. அன்னிக்கு வருத்தப்பட்ட அதே அம்மாதான்.

டிஸ்கி: இதப் படிச்சுட்டு கைக்குழந்தை வாயில முழுக்கடலைய போட்டுடாதீங்க, தொண்டையில சிக்கிக்கும். நைசா அரைச்சுக் கலந்துதான் குடுக்கணும். கரப்பானோ முட்டை அலர்ஜியோ கடுமையா இருக்கிற குழந்தைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் குடுங்க.