ஆளுவோர்க்கென அமைந்த கல்வியும் ஆளப்பட்டோர் பெற்ற பயனும்

ஒரு கல்வித்துறையை நிறுவியோரின் நோக்கம் ஒன்றாகவும், அத்துறையிற் கற்றோர் அதனைக்கொண்டு ஆற்றிய பணி பிறிதொன்றாகவும் அமைந்துவிடுதலை வரலாற்றிற் காணலாம். அரசியல் விஞ்ஞானத்தில் முதுமாணிக் கல்வி வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாவில் 1880 ஆம் ஆண்டு அரசியல் விஞ்ஞானக் கல்லூரியை நிறுவியவர் ஜோன் வில்லியம் பேர்ஜெஸ் ஆவார். உள்நாட்டுப் போரில் (1861-1865) வட மாநிலங்களின் படையிற் பணியாற்றிய அவர், பின்னர் ஜேர்மனியிற் பயின்றார். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வரங்கு முறையும், 1872 இல் எமில் பூட்மி பாரிஸ் நகரில் தொடங்கிய கல்லூரியும் அவருக்கு முன்மாதிரிகளாயின. அரச சேவைக்கு உரியோரைப் பயிற்றுவித்தல் இக்கல்வியின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகும். ஆயின், அரசமைக்கும் ஆற்றல் தியூத்தோனிய இனத்தவர்க்கே சிறப்பாக உரியது என்றும், ஏனைய மக்களை ஆளுதல் அவர்தம் கடமை என்றும் 1890 இல் வெளிவந்த தமது நூலிற் பேர்ஜெஸ் வாதித்தார். ஆளப்படுவோர் இவ்வறிவியலின் ஆய்வுப்பொருளாகலாம். ஆய்வாளராகும் தகுதி அவர்க்குண்டு என்பது அவர்தம் கோட்பாட்டில் இடம்பெறவில்லை.

பேர்ஜெஸ் 1912 இல் ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டிலே, குடியேற்ற நாடாகிய இந்தியாவிலிருந்து, அந்நாட்டிலும் தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்ட சமூகத்திற் பிறந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அதே அரசியல் விஞ்ஞான பீடத்திற் சேர்ந்தார். அவரே பீமராவ் அம்பேத்கர். திரும்பிவந்து பத்தாண்டுகள் சேவையாற்றல் வேண்டும் என்ற நிபந்தனையுடன் பரோடா மன்னர் வழங்கிய புலமைப்பரிசில் அவரை அங்கு கொண்டு சேர்த்தது.

அப்பீடத்தில் அரசியல், வரலாறு, பொருளியல், சமூகவியல் ஆகியன ஒருங்கே கற்பிக்கப்பட்டன. பொருளியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு 1915 இல் அம்பேத்கர் முதுமாணிப் பட்டம் பெற்றார். எட்வின் செலிக்மன், மெய்யியலறிஞர் ஜோன் டூயி முதலியோரிடம் அவர் பாடங்கேட்டார். 1916 மே மாதம் மானிடவியல் ஆய்வரங்கொன்றிற் சாதியின் தோற்றம் பற்றி அவர் படித்த கட்டுரை சிறப்பாக நோக்கத்தக்கது. சாதியை மனு போன்ற ஒருவர் விதித்தார் என்பதை அவர் மறுத்தார். அகமணத்தால் ஒரு வகுப்பு தன்னைத்தானே அடைத்துக்கொண்டமையும், ஏனையோர் அதனைப் பின்பற்றியமையுமே சாதியைத் தோற்றுவித்தன என அவர் காட்டினார். ஊழென ஏற்கப்பட்டதொன்று காலத்தில் தோன்றிய நிறுவனமாக இங்கே ஆராயப்பட்டது. காலத்திற் தோன்றியதைக் காலத்தில் மாற்றவும் இயலும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

எனினும், பட்டம் சாதியை மறைக்கவில்லை. 1917 இற் பரோடாவிற் பணியேற்றபோது தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் மாற்றுப் பெயரில் அவர் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டமொன்று அவரை வெளியேறப் பணித்தது. நண்பர் வீடுகளும் அவரை ஏற்காமையால், பொதுப் பூங்காவொன்றிற் பொழுதைக் கழித்தபின் பம்பாய்க்குப் புகையிரதம் ஏறினார்.

ஆயினும் அக்கல்வி வீணாகவில்லை. 1919 இல் வாக்குரிமைக் குழுவின் முன் சாட்சியமளித்த அம்பேத்கர், ஒடுக்கப்பட்டோர்க்கு வாக்குரிமையும் தனிப் பிரதிநிதித்துவமும் வேண்டும் என வலியுறுத்தினார். 1947 இல் இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவரானார். 1950 இல் நடைமுறைக்கு வந்த அவ்வரசியலமைப்பின் 17 ஆம் உறுப்புரை தீண்டாமையை ஒழித்தது. 1952 இற் கொலம்பியாவே அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.

சட்டத்தில் ஒழிந்த தீண்டாமை வாழ்விலும் ஒழிந்ததெனக் கூறுதல் இயலாது. ஆயினும், ஆளுவோரைப் பயிற்றுவிக்க எழுந்த கல்வி, ஆளப்பட்டோர் தம் நிலையை ஆராயவும் மாற்றவும் கருவியாயிற்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பட்டத்தை உத்தியோகத்திற்கான தகைமையாக மட்டுமே கருதும் மாணவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.