ஹௌட்டன் நகரப் போக்குவரத்துத் திட்டம்

நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புறநகர் ஊர் ஹௌட்டன். மக்கள்தொகை சுமார் 50,000. பெரிய ஆலையோ பல்கலைக்கழகமோ சுற்றுலாக் கூட்டத்தை இழுக்கும் சின்னமோ இங்கே கிடையாது. ஆனாலும் சாலைத் திட்டம் தீட்டுகிறவர்கள் பல நாடுகளிலிருந்தும் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். ஊருக்குள் எங்கே போவதானாலும் சைக்கிளில் நேரே போய்விடலாம், காரில் போனால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற ஏற்பாடுதான் அவர்களை வரவழைக்கிறது. நகர அமைப்பாளர் ராப் டெர்க்ஸ் 1968-ல் வரைந்த திட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. ஊர் பல மடங்கு பெருத்த பிறகும் அதன் அடிப்படை மாறவில்லை.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், உட்ரெக்ட் போன்ற நகரங்கள் கட்டுப்பாடில்லாமல் பரவினால் நடுவே இருக்கும் விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் போய்விடும் என்று அரசு அஞ்சியது. 1966-ல் வெளியான இரண்டாம் தேசிய நிலப்பயன்பாட்டு அறிக்கை, வீடுகள் கண்ட இடத்தில் சிதறாமல், தேர்ந்தெடுத்த சில ஊர்களில் மட்டும் சேர்ந்து வளர வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. அப்படிப் பின்னர் வளர்ச்சி மையமாக்கப்பட்ட ஊர்களில் ஹௌட்டனும் ஒன்று. அப்போது அது பழைய தேவாலயமும் அதைச் சுற்றிச் சில தெருக்களும் கொண்ட கிராமம். சுற்றிலும் வயலும் தோப்பும்.

அந்தக் காலத்தில் கார்தான் எதிர்காலம் என்று எல்லோரும் நம்பினார்கள். பக்கத்து நகரமான உட்ரெக்ட்டிலேயே, பழைய நகரைச் சுற்றி ஓடிய கத்தரைன அகழியின் ஒரு பகுதியை வற்றவைத்து, 1970-களின் தொடக்கத்தில் அகலமான கார்ச்சாலை போட்டார்கள். (தவறு என்று பின்னால் உணர்ந்து, சாலையைப் பெயர்த்தெடுத்து மறுபடி தண்ணீர் விட்டது 2020-ல்.) நாடு முழுவதும் சாலை விபத்துகள் பெருகின. 1971-ம் ஆண்டில் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். அதைக் கண்டு பெற்றோர் வீதிக்கு வந்து போராடியதும், 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்ததும் சைக்கிளுக்கு நாட்டில் மறுவாழ்வு கொடுத்தன என்பது பரவலாகத் தெரிந்த வரலாறு. டெர்க்ஸின் வரைபடம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அகழியைத் தூர்த்துக் கார்ச்சாலை போடுவதுதான் முன்னேற்றம் என்று கருதப்பட்ட ஆண்டுகளில் ஒருவர் இப்படி யோசித்தார், ஊராட்சியும் அவர் பக்கம் நின்றது. ஹௌட்டன் வரலாற்றில் எனக்கு மிகவும் மதிக்கத் தோன்றுவது இதைத்தான்.

சாலை அமைப்பு

ஊரைச் சுற்றி ஒரு சுற்றுச்சாலை. அதற்குள்ளே தனித்தனிக் குடியிருப்புகள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் சுற்றுச்சாலையிலிருந்து கார் நுழைய வழி உண்டு; ஆனால் பக்கத்துக் குடியிருப்புக்குள் கார் நேராகப் போக முடியாது. காரைப் பொறுத்தவரை ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு முட்டுச்சந்து. வந்த வழியே திரும்பி, சுற்றுச்சாலை ஏறி, அடுத்த நுழைவு வரை போய், மறுபடி உள்ளே இறங்க வேண்டும்.

நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் இந்தத் தடை எதுவும் இல்லை. கார்ப்பாதை முடியும் இடத்தில் அவர்களுடைய பாதை தொடர்கிறது. ஊரின் நடுவே நீளவாக்கில் பசுமை நிறைந்த ஒரு பட்டை ஓடுகிறது. அதுதான் சைக்கிள் போக்குவரத்தின் முதுகெலும்பு. பள்ளிகள், விளையாட்டுத் திடல்கள், கடைத்தெரு, நகர மன்றம், ரயில் நிலையம் எல்லாம் இந்த முதுகெலும்பின் மேலோ அதை ஒட்டியோ அமைந்திருக்கின்றன.

ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். எட்டு வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடம் அரைக் கிலோமீட்டரில். சைக்கிளை எடுத்தால் தெருமுனையில் தனிப்பாதை. அதில் சில நிமிடத்தில் பள்ளி வாசல். வழியில் வேகமாக வரும் கார் ஒன்றைக்கூடப் பிள்ளை கடக்க வேண்டியதில்லை. அதே பிள்ளையை அம்மா காரில் கொண்டுபோய் விட நினைத்தால், எதிர்த்திசையில் கிளம்பிச் சுற்றுச்சாலை ஏறி, ஊரைப் பாதி வலம்வந்து இறங்க வேண்டும். அவர் காரை எடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் போடவில்லை, அபராதமும் இல்லை. ஆனால் சைக்கிளே சீக்கிரம் போய்ச் சேரும் என்பதால் கார் வீட்டிலேயே நிற்கிறது. ஊர் மக்களிடம் கார் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் கார் உண்டு. ஊருக்குள் போய்வர அதை எடுப்பது குறைவு, அவ்வளவுதான்.

குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். காரும் சைக்கிளும் ஒரே தெருவில் ஓட வேண்டிய இடங்களில் தளம் சிவப்பு நிறத்தில் இருக்கும். இங்கே கார் விருந்தாளி என்று அறிவிப்புப் பலகையும் இருக்கும். தெருவுக்கு உரியவர் சைக்கிளில் போகிறவர். கார்க்காரர் அவர் பின்னால் பொறுமையாகப் போக வேண்டும்.

ஊரைவிட்டு வெளியே போகும் சைக்கிள் பாதைகள் சுற்றுச்சாலையைச் சுரங்கப்பாதைகளில் கடக்கின்றன. சுரங்கப்பாதை என்றதும் இருட்டும் தேங்கிய தண்ணீரும் படிக்கட்டும் நினைவுக்கு வரலாம். நெதர்லாந்துப் பொறியாளர்கள் வழக்கமாகக் கையாளும் முறை வேறு. சைக்கிள் பாதையை ஆழமாகத் தோண்டாமல், மேலே போகும் சாலையைச் சற்று உயர்த்திவிடுகிறார்கள். லாரி போகும் சுரங்கத்துக்கு நாலரை மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். சைக்கிளுக்கு இரண்டரை மூன்று மீட்டர் போதும். அதனால் சரிவு சிறியதாகிறது. இறங்கும்போது கிடைக்கும் வேகமே மறுபுறம் ஏறுவதற்கு உதவுகிறது. பக்கச் சுவர்களை வெளிப்புறமாகச் சாய்த்துக் கட்டுவதால் வெளிச்சம் உள்ளே விழுகிறது. நுழையும்போதே மறுமுனை கண்ணுக்குத் தெரிகிறது. இரவில் தனியாக வரும் பெண்ணுக்குப் பயமில்லாத பாதை வேண்டுமென்றால் இந்தச் சின்னச் சின்ன முடிவுகளையெல்லாம் வரைபட மேசையிலேயே எடுத்தாக வேண்டும்.

ரயிலும் நிலையமும்

உட்ரெக்ட்டிலிருந்து தெற்கே டென் பாஸ் நகருக்குப் போகும் ரயில் பாதையில் ஹௌட்டன் வழியே செல்லும் பகுதி 1868-ல் திறக்கப்பட்டது. ஹௌட்டனுக்கும் ஒரு நிலையம் இருந்தது. ஆள்வரத்து இல்லாமல் 1930-களில் அதை மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, புதிய ஊர் எழும்பிக்கொண்டிருந்த வேளையில், 1982-ல் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அது ஊரின் விளிம்பில் ஒதுங்கி நிற்கவில்லை. கடைத்தெருவுக்குப் பக்கத்தில், சைக்கிள் பாதைகள் வந்து கூடும் இடத்தில் நின்றது. உட்ரெக்ட்டுக்குச் சுமார் 10 நிமிடப் பயணம். அதே காலத்தில் உட்ரெக்ட்டின் இன்னொரு வளர்ச்சி மையமான நியூவகைனுக்கு டிராம் பாதை போட்டு, 1983-ல் ஓடவிட்டார்கள். புறநகர் வளர வேண்டுமானால் தாய்நகரத்துக்குத் தண்டவாளம் வேண்டும் என்பதில் அன்றைய திட்டக்காரர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

1990-களில் அரசு மறுபடி வீடுகள் கேட்டது. ஊரின் தெற்கே ஏறத்தாழ இன்னொரு ஊரையே கட்ட வேண்டியிருந்தது. பழைய சுற்றுச்சாலையை அறுத்து நீட்டாமல், தெற்கே இன்னொரு வளையத்தைச் சேர்த்தார்கள். இன்றைய வரைபடத்தில் சாலை 8 என்ற எண்ணைப் போலத் தெரியும். ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையம் என்பது திட்டம்.

தெற்கு நிலையம் கட்டுவதற்குள் ஒரு சிக்கல் வந்தது. ரயில் தடத்தை இரண்டிலிருந்து நான்காக்கும் பெரிய வேலை முடிந்தால்தான் அங்கே ரயில் நிற்க முடியும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வீடுகளோ குடியேறத் தயார். ரயில் வரும் வரை மக்கள் காரில் போய்க்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் அந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கும். பிறகு ரயில் வந்தாலும் காரை விடமாட்டார்கள். ஆகவே ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஓடிய பழைய டிராம் வண்டிகளை வாங்கி வந்து, ரயில் பாதையை ஒட்டித் தற்காலிகமாகத் தடம் போட்டு, 2001-ல் தெற்குப் பகுதியையும் வடக்கே 1982-ல் திறந்த நிலையத்தையும் இணைத்தார்கள். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே மட்டும் போய்வந்த அந்த டிராம் 2008 வரை ஓடியது. அதன் பிறகு நிலையம் தயாராகும் வரை பேருந்து. ஹௌட்டன் காஸ்டெல்லும் என்ற பெயரில் தெற்கு நிலையம் திறந்தது 2010-ல். சில ஆண்டுகளுக்காக மட்டும் ஒரு டிராம் தடமா என்று கேட்பவர்கள் உண்டு. குடியேறுகிறவர் முதல் நாளிலிருந்தே எதில் ஏறிப் போகிறாரோ அதுவே அவருடைய வழக்கமாகிவிடுகிறது. அந்த முதல் நாளுக்காகச் செலவழித்தது வீண் என்று நான் கருதவில்லை.

நான்கு தடப் பணியின்போது வடக்கு நிலையமும் புதிதாகக் கட்டப்பட்டது. ரயில் இப்போது ஊர் நடுவே உயரத்தில் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு நேர் கீழே 2011-ல் சைக்கிள் நிறுத்துமிடம் திறந்தார்கள். ஏறத்தாழ 3,000 சைக்கிள் நிற்கும். சாலையைத் தாண்டி, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, மறுபடி நடந்து வந்து மேடை ஏறுகிற வேலை கிடையாது. சைக்கிளில் வந்தவர் தரைமட்டத்திலேயே உள்ளே நுழைந்து, வண்டியைத் தாங்கியில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் படிக்கட்டு. ஏறினால் ரயில் மேடை. மழைக்காலத்தில் ஒரு சொட்டு நனையாமல் சைக்கிளிலிருந்து ரயிலுக்கு மாறிவிடலாம். மக்கள் இரண்டு ஊர்திகளுக்கு இடையே நடக்கும் அந்த ஐம்பது அடியைக் கவனித்துக் கட்டியவர்கள் இவர்கள்.

19-ம் நூற்றாண்டின் பழைய நிலையக் கட்டடம் புதிய தடங்களுக்குக் குறுக்கே நின்றது. அதை இடிக்க மனமில்லாமல், 2007-ல் அப்படியே பெயர்த்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

குறைகள்

கார்களை எல்லாம் ஒரே சுற்றுச்சாலைக்கு அனுப்பினால் நெரிசலும் அங்கேதான் சேரும்; காலையும் மாலையும் அதில் நெருக்கடி உண்டு. ஊரில் வேலைவாய்ப்பு போதாமல் பெரும்பகுதியினர் உட்ரெக்ட்டுக்கும் அப்பாலும் போய்வருகிறார்கள். அவர்களில் பலர் ரயில் பாதைக்கு எட்டாத அலுவலகங்களுக்கு நெடுஞ்சாலை வழியே காரில்தான் போகிறார்கள். ஊருக்குள் அடங்கிய கார், ஊர் எல்லையைத் தாண்டியதும் பழையபடி ஆகிவிடுகிறது. இளம் தம்பதிகளாக 1980-களில் குடிவந்தவர்கள் இன்று முதியவர்கள். மின் சைக்கிள்கள் வேகமாக ஓடும் பாதையில் அவர்கள் தடுமாறாமல் போக வேண்டும் என்பது புதிய கவலை.

இன்னொரு கேள்வி முக்கியமானது. வயல்வெளியில் புதிதாகக் கட்டிய ஊரில் இதெல்லாம் முடிந்தது. ஏற்கெனவே தெருக்களும் கடைகளும் நெருங்கிக் கிடக்கும் ஊரில் முடியுமா? ஹௌட்டனை முழுதாக நகலெடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் குறுக்குவழியைக் காருக்கு அடைத்துச் சைக்கிளுக்குத் திறந்துவிடும் முறையைப் பழைய ஊர்களும் கைக்கொண்டிருக்கின்றன. நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் குரோனிங்கன் 1977-ல் தன் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேரே போக முடியாது. வெளிவட்டம் சுற்றியே வர வேண்டும். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தும் நகராட்சி பின்வாங்கவில்லை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் 2017-ல் இதே முறைக்கு வந்தது. இரண்டுமே இடைக்காலத்துத் தெருக்கள் கொண்ட நகரங்கள். அங்கே வேண்டியிருந்தவை சில தடுப்புக் கம்பங்கள், திசைப்பலகைகள், எதிர்ப்பைத் தாங்கும் மன உறுதி ஆகியவைதான். கோடிகளில் மேம்பாலம் கட்டுவதற்கு முன் எந்தச் சிற்றூர் நகராட்சியும் இந்த வழியைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பேன்.

நெதர்லாந்தின் சைக்கிளோட்டிகள் சங்கம் தரும் சைக்கிள் நகரம் விருது ஹௌட்டனுக்கு 2008-லும் 2018-லும் கிடைத்தது. நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் உட்ரெக்ட் மத்திய நிலையத்தில் தெற்கே போகும் உள்ளூர் ரயிலில் ஏறி ஹௌட்டனில் இறங்கலாம். பள்ளி விடும் நேரத்தில் போனால், பெற்றோர் துணையில்லாமல் பிள்ளைகள் வரிசை வரிசையாகச் சைக்கிளில் வீடு திரும்புவதைக் காணலாம்.